தாத்தா பாட்டியும் காலேஜ் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு தெரு நலக்குழு: தொடங்குவது எப்படி, நடத்துவது எப்படி

மருத்துவ முகாம் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஷாமியானா, மைக், இரண்டு மேசை, நீள வரிசை, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. பிபி 170 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், அது காலண்டருக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொள்ளும், அதோடு கதை முடிந்தது. அந்த 170 அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்று கேட்க ஆளில்லை. கேட்கக்கூடியவர்கள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் பைக் மேல் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்.

2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 13 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள், கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பெற்ற பிள்ளைகள் சென்னை, ஓசூர், துபாய் என்று போய்விட, வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் தெருக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தத் தெருவிலேயே பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஆனால் இரண்டு தரப்புக்கும் "வணக்கம் தாத்தா", "நல்லா படிக்கிறியா" என்பதற்கு மேல் பேச்சில்லை. இவர்களைச் சேர்த்து, டாக்டருக்காகக் காத்திருக்காமல், தெருவே தன் ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு அமைப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு விதி. இளையவர்கள் சேவை செய்வார்கள், பெரியவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்று ஆரம்பித்தால் மூன்றாவது மாதம் படுத்துவிடும். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும், பெரியவர்களுக்கு "நம்மை நோயாளி ஆக்கிட்டாங்களே" என்று மனசு சுருங்கும். இரண்டு பக்கமும் கொடுக்கணும், இரண்டு பக்கமும் வாங்கணும். நீங்கள் வைக்கிற ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் "இதில் பெரியவர் என்ன கொடுக்கிறார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், பதில் இல்லையென்றால் நிகழ்ச்சியை மாற்றுங்கள்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. வியட்நாமில் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து இப்படி ஊர் ஊராக மன்றங்கள் நடக்கின்றன. ஒரு மன்றத்தில் 50 முதல் 70 பேர், பெரும்பாலும் வயதானவர்கள், பாக்கி இளையவர்கள். மாதம் ஒரு கூட்டம், உடற்பயிற்சி, பிபி பார்ப்பது, படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கு உதவிக்குப் போவது, சின்னக் கடன் கொடுப்பது எல்லாம் ஒரே கூரையின் கீழ். நாடு முழுவதும் இதைப் பரப்ப அந்த அரசு 2016-ல் தனியாக ஒரு முடிவே எடுத்தது. நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம், ஒரு தெரு போதும்.

ஆட்களும் இடமும்

நோட்டீஸ் அடிக்காதீர்கள். வீடு வீடாகப் போங்கள், அதுவும் ஒரு இளையவரும் ஒரு பெரியவரும் ஜோடியாக. ரிட்டயர்டு டீச்சர், முன்னாள் போஸ்ட்மேன், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த அம்மா, இப்படி ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். இளையவர் பக்கம், பக்கத்துக் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் மாணவர்களைப் பிடியுங்கள். அவர்கள் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும், மரம் நட்டுப் போட்டோ எடுப்பதைவிட இது அவர்களுக்கும் உருப்படியான வேலை. ஆரம்பத்தில் இரண்டு தரப்பிலும் பத்துப் பத்துப் பேர் போதும்.

கிராம சுகாதார செவிலியரையும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் பகுதிக்கு வரும் பெண் சுகாதார தன்னார்வலரையும் முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது, பிபிக்கும் சுகருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தன்னார்வலர்கள் பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர்கள், யார் வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று அவர்களுக்குத் தெரியாதது கிடையாது. ஆனால் ஒருவர் தலையில் ஏகப்பட்ட வீடுகள். "உங்க வேலையில குறுக்கிட வரல, மாத்திரை சாப்பிடாம இருக்கிறவங்களை நாங்க ஞாபகப்படுத்துறோம்" என்று சொன்னால் சந்தோஷமாகச் சேர்ந்துகொள்வார்கள்.

இடம் விஷயத்தில் கவனம். கோயில் மண்டபம் வசதிதான், ஆனால் அந்தக் கோயிலுக்குள் தெருவில் இருக்கிற எல்லோரும் சங்கடமில்லாமல் வருவார்களா? வரமாட்டார்கள் என்றால் அந்த இடம் வேண்டாம், பேசி மாற்றலாம் என்றும் நினைக்க வேண்டாம். நூலகம், பள்ளி வராண்டா, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் அங்கன்வாடி இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். படி ஏறாமல் போகிற மாதிரி இருக்கணும், கழிப்பறை இருக்கணும். நேரம் ஞாயிறு காலை ஆறரை, ஏழு. சாயங்காலம் வைத்தால் ஒரு பக்கம் டியூஷன், மறுபக்கம் சீரியல், இரண்டையும் எதிர்த்து யாரும் ஜெயித்ததில்லை.

பிபி பார்ப்பதை ஒழுங்காகக் கற்றுக்கொடுங்கள்

குழுவின் முதுகெலும்பு இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மேல்கையில் கட்டுகிற டிஜிட்டல் மெஷின் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். முதுகு சாயக்கூடிய பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, ஒரு மேசை, அவ்வளவுதான் செலவு.

பெரியவர் நடந்து வந்ததும் கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினால் வருகிற எண் வெறும் எண்தான். வருவதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, டீ, பீடி, புகையிலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், முட்டிக்கொண்டிருந்தால் பிபி ஏறிக் காட்டும். நாற்காலியில் முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல், 5 நிமிடம் சும்மா உட்காரணும். கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் இருக்கணும், தொங்கவிட்டால் கூடக் காட்டும். பட்டை முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, அதற்குள் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கம். கை பருமனாக இருப்பவருக்குச் சின்னப் பட்டை போட்டால் பிபி அநியாயத்துக்கு அதிகம் காட்டும், ஆகவே பெரிய அளவுப் பட்டை ஒன்றும் தனியாக வாங்கி வையுங்கள்.

பாட்டிமார் விஷயத்தில் இன்னொன்று. இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டால் அதுவே கயிறு கட்டின மாதிரி ஆகிவிடும். தளர்வான ரவிக்கையோ நைட்டியோ போட்டு வரச் சொல்லுங்கள், பெண்களுக்குப் பெண் பிள்ளைகளே, கொஞ்சம் மறைவாகப் பார்க்கட்டும்.

அப்புறம் முக்கியமானது, மெஷின் ஓடும்போது பேசக்கூடாது. இதைக் கடைப்பிடிப்பதுதான் ஆகப் பெரிய கஷ்டம். பையன் பட்டையைச் சுற்றும்போதே பாட்டி, "நீ யாரு, முருகேசன் பேரனா? உங்க ஆத்தாவும் நானும் ஒண்ணா களை எடுக்கப் போனோம்டா" என்று ஆரம்பித்துவிடுவார், அவனும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வான், மெஷின் 158 காட்டும். பேச்சை நிறுத்தி 1 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தால் அது இறங்கி வரலாம். எப்போதும் இரண்டு முறை பாருங்கள், இரண்டையும் தேதி போட்டு எழுதுங்கள். பிபி பார்த்து முடித்த பிறகு கதையெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், பேசணும்.

140/90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இன்னொரு நாளும் பார்த்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். 180/120-க்குப் போனால் 5 நிமிடம் உட்கார வைத்துத் திரும்பப் பாருங்கள், அப்போதும் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டர். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கை கால் வராமை என்று ஏதாவது இருந்தால் யோசிக்காமல் 108. எழுந்தால் தலைசுற்றுகிறது என்று சொல்பவர்களுக்கு உட்கார்ந்து ஒரு முறையும், எழுந்து நின்று 1 முதல் 3 நிமிடத்துக்குள் ஒரு முறையும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் எழுதி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பாத்ரூமில் விழுவதற்கு இது பெரிய காரணம்.

இளையவர்களுக்கும் கட்டாயம் பார்க்கணும். பெரியவர்களைப் பிபி பார்க்கப் பழக்கி, பையன்களுக்கு அவர்களைக் கொண்டே பார்க்க வையுங்கள். இருபத்தைந்து வயதில் 146 வந்து நிற்கிறவன் முகத்தைப் பார்க்கணும், "எனக்கு எதுக்குப் பாட்டி" என்று கையை நீட்டியவன்தான்.

சுகருக்கு விரலில் குத்துவதைக் குழு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே ஊசியை மாற்றாமல் இன்னொருவருக்குக் குத்திவிட்டால் மஞ்சள் காமாலை வரை பரவலாம், தவிர ஸ்ட்ரிப் செலவும் கட்டுப்படியாகாது. அதைச் செவிலியர் வரும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சப்பையைப் பிரித்துக் கொட்டுங்கள்

வயதானவர்கள் வீட்டில் மாத்திரைக்கென்று ஒரு மஞ்சப்பை இருக்கும். அதைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டினால், அரசு ஆஸ்பத்திரி மாத்திரை, தனியார் டாக்டர் எழுதினது, மகன் ஊரிலிருந்து வாங்கி வந்தது, மெடிக்கல் கடையில் "கால் வலிக்கு" என்று கேட்டு வாங்கினது எல்லாம் கலந்து கிடக்கும்.

இங்கேதான் பிள்ளைகளின் கண்ணுக்கு வேலை. மாத்திரைப் பட்டையின் பின்னால் பொடி எழுத்தில் மருந்தின் உண்மையான பெயர் இருக்கும், பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர். அம்லோடிபின் என்ற ஒரே பிபி மருந்து அரசு மாத்திரையாக ஒரு பட்டையும், கடைப் பெயரில் ஒரு பட்டையுமாக இருக்கும், அவர் இரண்டையும் வேறு வேறு என்று நினைத்துத் தினம் போட்டுக்கொண்டிருப்பார், கால் ஏன் வீங்குகிறது என்று தெரியாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தினமும் போட்டால் பிபி ஏறும், சிறுநீரகமும் கெடும். காலாவதித் தேதி போனவை எப்படியும் நாலைந்து இருக்கும்.

ஒரு தாளில் நாலு கட்டம்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, யார் எழுதியது. படிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், நிலா வரைந்து, காலிப் பட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். பெரியவர் தன் வாயால் "இது காலைல, சாப்பிட்டு" என்று சொல்லணும், பிள்ளை எழுதணும். ஆனால் ஒன்று, எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் குழுவுக்குக் கிடையாது. சந்தேகம் இருப்பதைச் சிவப்பில் வட்டம் போட்டு, அந்தத் தாளையும் பையையும் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கொண்டுபோகச் சொல்வதோடு நம் வேலை முடிந்தது. சூரணம், லேகியம் ஏதாவது சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

விரதக் காலத்துக்கு முன்னால் ஒரு முறை இதைச் செய்தே ஆகவேண்டும். சஷ்டி, புரட்டாசி சனி, ரம்ஜான் எதுவானாலும், சாப்பிடாமல் இருந்துவிட்டு கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். விரதம் வேண்டாம் என்று பிள்ளைகள் சொன்னால் எடுபடாது, "டாக்டர்கிட்ட மாத்திரை நேரத்தை மாத்திக் கேட்டுட்டு இருங்க பாட்டி" என்று சொன்னால் கேட்பார்கள்.

உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

உணவு பற்றி லெக்சர் எடுத்தால் கூட்டம் கலையும். இதைச் செய்து பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம், அப்படியென்றால் 1 கிலோ பாக்கெட் 50 நாள் வரணும். பிள்ளைகள் தங்கள் வீட்டில் புதுப் பாக்கெட் பிரிக்கும் நாளில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதட்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம் போகிறது. ஊறுகாய் போட்ட மாதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆனால் கடையில் வாங்கும் அப்பளம், ஊறுகாய், கருவாடு, சிப்ஸ், மிக்சரில் இருக்கும் உப்பு இந்தக் கணக்குக்கு வெளியே, அது தனி.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று ஒரு தாத்தா கட்டாயம் சொல்வார். சொல்லட்டும். சாதத்தில் உப்பு போட்டு வடிப்பதை முதலில் நிறுத்துங்கள், அடுத்து மோரில், அடுத்து இலையோரம் உப்பு வைக்கும் பழக்கத்தை. குழம்பில் கை வைப்பது கடைசியில்தான். அதற்குள் நாக்கு பழகியிருக்கும். சமையல் தெரிந்த பெரியவர்களிடம், உப்பைக் குறைத்துவிட்டு மிளகு, சீரகம், எலுமிச்சை, கொத்தமல்லி வைத்து ருசியை எப்படிக் கொண்டுவருவது என்று செய்து காட்டச் சொல்லுங்கள், பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். கீரை பறிக்கவும் அப்படியே, முளைக்கீரையையும் பண்ணைக்கீரையையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த கல்லூரிப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதற்கு மாறக்கூடாது.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

மாதம் ஒரு ஞாயிறு, மூன்று மூன்று பேராக வீடுகளுக்குப் போங்கள். ஒரே நடையில் இரண்டு வேலை பார்க்கலாம், ஒன்று கொசு, இன்னொன்று பெரியவர் விழுவதற்கு வாய்ப்புள்ள இடங்கள்.

டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, தேங்கி நிற்கும் தண்ணீரில் முட்டையிடுவது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் சுற்று அறுந்துவிடும், ஆனால் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், தேங்காய் நார் வைத்துத் தேய்க்கணும். பயன்படுத்தாத ஆட்டுக்கல் குழி, கொட்டாங்குச்சி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மூடி உடைந்த மாடித் தொட்டி இவ்வளவையும் பார்க்கணும். குனிந்து எட்டிப் பார்ப்பதும் மாடி ஏறுவதும் பிள்ளைகள். அந்த வீட்டில் எங்கே என்ன கிடக்கும் என்று சொல்வது பெரியவர்கள். இன்னொரு லாபம், பெரியவர் ஒருவர் கூட வந்தால் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

விழுவதற்கு: பாத்ரூம் தரைப் பாசி, வழுக்கும் ரப்பர் செருப்பு, இரவில் படுக்கையிலிருந்து சுவிட்ச் எட்டுகிறதா, உயரமான நிலைப்படி, தரையில் ஓடும் ஒயர், காலில் தட்டும் அளவு நீளமான கைலி. பாசியை அப்போதே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டே வாருங்கள், அறிவுரை சொல்லிவிட்டு வந்தால் அடுத்த மாதமும் அந்தப் பாசி அங்கேயேதான் இருக்கும். கைப்பிடிக் குழாய் பொருத்த ஊர் பிளம்பரைப் பிடித்தால் சில நூறு ரூபாயில் முடியும். இடுப்பு எலும்பு ஆபரேஷன் செலவு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

பிறகு பயிற்சி. 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி செய்யணும் என்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது, திரும்ப உட்காருவது. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நிற்பது. பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்கணும், பிடிக்கத் தயாராக. முடிந்ததும் குத்தவைத்து உட்காரும் போட்டி வையுங்கள். வயலில் வேலை பார்த்த தாத்தா, முழங்கால் நன்றாக இருந்தால், அசையாமல் உட்கார்ந்திருப்பார், ஜிம்முக்குப் போகிற பையன் குதிகால் தரையில் படாமல் பின்னால் சாய்வான். அன்றைக்கு யார் யாருக்குப் பயிற்சியாளர் என்பது மாறிவிடும்.

பிள்ளைகளுக்கு இதில் என்ன கிடைக்கிறது

இதை யோசிக்காமல்தான் பல குழுக்கள் நின்றுபோகின்றன. காலைச் சாப்பாடு இல்லாமல் கல்லூரிக்கு ஓடுவது, இரவு ஒரு மணி வரை போன், டீயும் பஃப்ஸுமாக மதியம், பரீட்சைப் பயம், ரத்தசோகை என்று இளையவர்களுக்கும் பட்டியல் நீளம்தான். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பெண் பிள்ளைகள் பலர் வாயில் போடாமல் பையில் போட்டுக்கொள்கிறார்கள், வயிற்றைப் புரட்டுகிறது என்று. சாப்பிட்ட பிறகு போடு, டீயோடு போடாதே, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள் என்று ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் உள்ளே போகும். மாதவிடாய், வெள்ளைப்படுதல் மாதிரி விஷயங்களுக்குப் பெண்கள் மட்டும் தனியாக உட்காருங்கள், அந்த வட்டத்தில் கர்ப்பப்பை இறக்கத்தைப் பல வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெரியம்மாக்களும் வாய் திறப்பார்கள்.

தடுப்பூசி விஷயத்தில் பெரியவர்களைப் போலப் பேச யாராலும் முடியாது. பெரியம்மை இந்தியாவில் கடைசியாக வந்தது 1975-ல். எழுபது வயதைத் தாண்டியவர்களில் பலர் அதைக் கண்ணால் பார்த்தவர்கள், சிலர் முகத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப்போன கூடப்படித்தவனை ஞாபகம் வைத்திருப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், நாட்டில் அது கடைசியாக வந்தது 2011 ஜனவரியில்தான். "ஊசி போட்டா ஜுரம் வருமாமே" என்று தயங்கும் இளம் அம்மாவிடம் அவர்களை உட்கார்ந்து பேச வையுங்கள், போஸ்டர் வேண்டாம்.

புகையிலைக்கு இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நன்றாக வேலை செய்கிறது. தாத்தாவுக்குப் பீடி, பாட்டிக்கு வெற்றிலையோடு புகையிலை, பேரனுக்கு உதட்டுக்கடியில் வைக்கும் பொட்டலம். ஒருவரை மட்டும் திருத்தப் போனால் "நீ மட்டும் யோக்கியமா" என்று வரும். இருவரும் ஒரே நாளில் நிறுத்தி, ஒருவரையொருவர் தினமும் கேட்டுக்கொள்ளட்டும். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்கேயுமே விற்கக் கூடாது, சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சொல்ல நாலு தலை நரைத்தவர்கள் போனால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

கூட்டத்தில் ஒரு உண்டியல் வையுங்கள். "எங்க காலத்துல எல்லாம்" என்று ஆரம்பிக்கும் பெரியவர் 5 ரூபாய், போனை எடுத்துப் பார்க்கும் பிள்ளை 5 ரூபாய். டீச் செலவுக்கு ஆயிற்று. மனசு சரியில்லை என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால் அறிவுரை சொல்லாமல் கேட்க மட்டும் பெரியவர்களைப் பழக்குங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 சுவரில் பெரிதாக எழுதியிருக்கட்டும்.

வாட்ஸ்அப் வதந்திக்கும் ஒரு வழி சொல்கிறேன். "இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சுகர் போச்சு" என்று பெரியவர் அனுப்பினால் குரூப்பிலேயே "பொய்" என்று பதில் போட்டு அவர் மானத்தை வாங்காதீர்கள். நேரில் போய், "தாத்தா, இது எங்கே வந்தது, சேர்ந்து தேடிப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். இரண்டு முறை இப்படித் தேடியவர் மூன்றாவதை அனுப்பும் முன் உங்களுக்குப் போன் பண்ணுவார்.

அவசரத்துக்கு மூன்று ஒத்திகை

மூன்றையும் நாடகமாக நடித்துப் பழகுங்கள், கேட்டது மறக்கும், நடித்தது மறக்காது. ஒன்று பக்கவாதம்: சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறது, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறது, பேச்சு குழறுகிறது. மூன்றில் ஒன்று இருந்தாலே 108. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான் போடமுடியும். வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றக் கூடாது. இரண்டு நெஞ்சுவலி: "வாயுப் பிடிப்பு, ஒரு சோடா வாங்கிட்டு வா" என்று பெரியவர் சொல்வார், அந்தச் சோடாவில் போன உயிர்கள் ஏராளம். வியர்த்துக் கொட்டி, நெஞ்சை அழுத்தி, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் 108-தான். மூன்று சர்க்கரை இறங்குவது: நடுக்கம், வியர்வை, பசி, குழப்பம். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, சரியாகவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதுவும் வைக்காமல் 108. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வேறு உதவி எதுவானாலும் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

நோட்டு யார் கையில்?

பிபி நோட்டு குழுவில் ஒருவரிடம் மட்டும், பூட்டு உள்ள பெட்டியில் இருக்கணும். எண்களைக் குரூப்பில் போடுவது, மெஷினைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது கூடவே கூடாது. நம் ஊரில் "அவங்க வீட்டுல எல்லாருக்கும் சுகராம்" என்ற ஒரு வார்த்தை பெண்ணுக்கு வரும் வரனைத் திருப்பி அனுப்பும், அது ஒரு முறை நடந்துவிட்டால் அந்தத் தெருவில் யாரும் கை நீட்டமாட்டார்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். எந்தப் பிள்ளையும் தனியாக யார் வீட்டுக்குள்ளும் போகக்கூடாது, எப்போதும் மூன்று பேர், அதில் ஒரு பெண். தெரிந்தவர் வீடுதானே என்று விலக்குக் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள்.

பணம் அதிகம் வேண்டாம். தெருவில் வீட்டுக்கு ஐம்பது, நூறு போட்டாலே மெஷினும் பட்டையும் வந்துவிடும். கட்சிக்காரர் பேனரோடு வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். "இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்று வரும் தனியார் ஆஸ்பத்திரி ஆட்களிடமும் எச்சரிக்கை, அவர்கள் தேடி வருவது உங்கள் நோட்டில் இருக்கும் பெயர்களுக்காக. தெருவிளக்கு, சாக்கடை மூடி, நடக்கப் பாதை போன்றவற்றுக்குக் கிராம சபையில் மனு கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடம் ஆறு முறை கூடுகிறது. மனுவை எழுதுவது பிள்ளைகள், எழுந்து பேசுவது பெரியவர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டே எழுந்து வாருங்கள்.

மார்ச், ஏப்ரலில் பரீட்சை வரும், பிள்ளைகள் காணாமல் போவார்கள். அந்த இரண்டு மாதமும் மெஷின் பெரியவர்கள் பொறுப்பு, அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே அவர்களுக்கும் பார்க்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறவன் தனக்குப் பதில் ஒருவனைப் பழக்கிவிட்டுப் போகணும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நோட்டைப் புரட்டி, 140-க்கு மேல் இருந்தவர்களில் எத்தனை பேர் டாக்டரைப் பார்த்தார்கள், அதில் எத்தனை பேருக்கு இப்போது இறங்கியிருக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள். டாக்டரைப் பார்க்காமல் இருப்பவர் யாராவது இருந்தால், அவர் யார் பேச்சைக் கேட்பார் என்று யோசித்து, அந்தப் பேரனையோ பேத்தியையோ அவரோடு பஸ் ஏற்றிவிடுங்கள்.